கம்பளிக்குள்ளே ஒரு நீலப் பொறி

சின்னமனூர் கருத்தக்கண்ணனுக்கு முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஆளைக் குறை சொல்ல முடியாது, முகூர்த்த நாட்களைத்தான் குறை சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போக அவன் அம்மா அக்கம்மாள் நல்ல நாளாகப் பார்ப்பாள். அந்த நல்ல நாளில் சுற்றுப்பட்டியில் எங்காவது கல்யாணம் இருக்கும். மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு கருத்தக்கண்ணன் அங்கே போயிருப்பான். பெண் வீட்டில் அக்கம்மாள் மட்டும் உட்கார்ந்து, கொடுத்த கேசரியைத் தின்றுவிட்டு, "பய வேலையாப் போயிருக்கான், இந்தா வந்திருவான்" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவன் வரமாட்டான். வந்தாலும் பொழுது சாய்ந்து, தலையெல்லாம் பந்தல் ஓலைத் தூசியோடு வருவான். இப்படி மூன்று நான்கு வீட்டில் ஆனபிறகு அக்கம்மாளுக்கே சலித்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் தாலி கட்டுறப்ப பாட்டுப் போடுறவன், தனக்கு எப்படா போடப் போற?" என்று கேட்பாள்.

"ஐப்பசி வரட்டும்மா" என்பான். ஐப்பசி வந்தால் கார்த்திகை என்பான்.

அவனுக்குக் கல்யாணத்தில் வெறுப்பொன்றும் இல்லை. சொல்லப்போனால் சின்னமனூரில் அவனைப்போலக் கல்யாணங்களை ரசித்தவன் வேறு யாரும் இருக்க முடியாது. பெண்ணழைப்புக்கு ஒரு பாட்டு, மாப்பிள்ளை வந்து இறங்கும்போது ஒரு பாட்டு, பந்தியில் இலை போடும்போது ஒன்று, சம்பந்திகள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களைச் சிரிக்கவைக்க ஒன்று என்று இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தான். புன்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரை எந்தக் கிளையில், எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினால் சத்தம் அடுத்த ஊர்வரை போகும் என்று மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வான். வயரில் எங்காவது பிசகு இருந்தால் இரைச்சலைக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடுவான்.

அவனுக்குப் பிடிபடாத ஒரே பொருள் அவனுடைய ஜெனரேட்டர்.

மேகமலை எஸ்டேட் ஒன்றில் கழித்துப்போட்டதை வாங்கிவந்த சின்ன எஞ்சின் அது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். கயிற்றைச் சுற்றி இழுத்தால் புறப்படவேண்டும். சில நாள் முதல் இழுப்பிலேயே புறப்படும். சில நாள் தோள்பட்டை கழன்றாலும் அசையாது. கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, பிளக்கைக் கழற்றி வேறு பிளக் மாட்டுவது. அதற்காக ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பிளக்குகளைச் சேர்த்து வைத்திருந்தான். எஞ்சின் நின்றால் டின்னைத் திறப்பான். கைக்கு வந்ததை மாட்டுவான். அதுவும் சரிவரவில்லை என்றால் அடுத்தது. எப்போதாவது ஒன்று வேலை செய்துவிடும். எது எதனால் வேலை செய்தது என்று அவனுக்குத் தெரியாது, அவன் கேட்டுக்கொண்டதும் இல்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் தேவாரத்தில் வேலுச்சாமி வீட்டுக் கல்யாணத்துக்கு அவனைப் பேசியிருந்தார்கள். வேலுச்சாமிக்குக் கடலைக் காடும் இலவந்தோப்பும் உண்டு. ஒரே மகள். மாப்பிள்ளை வருசநாட்டுப் பக்கம். முந்தின நாள் சாயங்காலமே மாப்பிள்ளை நாலைந்து தோழர்களோடு வந்துவிட்டான். மற்ற உறவுக்காரர்கள் விடியற்காலையில் லாரி பிடித்து வருவதாக ஏற்பாடு. அவர்களில் முக்கியமான ஆள் மாப்பிள்ளையின் அக்காள். நாத்தனார் முடிச்சு அவள்தான் போடவேண்டும்.

"வழி தெரியாதேன்னு யோசிக்காதீக" என்று வேலுச்சாமி சொல்லி அனுப்பியிருந்தார். "தேவாரத்துல இறங்குனதும் ரேடியோ சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்தைப் பிடிச்சு நேரா வந்தா நம்ம பந்தல்தான்."

அவர் சொன்னபோது அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதே முகூர்த்தத்தில் கீழத்தெருவிலும் ஒரு கல்யாணம் வைத்துவிட்டார்கள். அதற்குப் போடியிலிருந்து ரேடியோ செட் வந்திருந்தது.

விடிகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனி மாதத்தில் அந்தப் பக்கம் இது புதிதில்லை. கேரளாவில் அடிக்கிற மழையின் விளிம்பு மலையைத் தாண்டி வந்து, பூவாக உதிர்ந்துகொண்டே இருக்கும். கருத்தக்கண்ணன் ஜெனரேட்டரை வீட்டுக்குப் பின்னால், சமையல் பந்தலை ஒட்டி வைத்திருந்தான். கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் புறப்பட்டது. ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு எழுந்தது. கீழத்தெருச் செட்டும் அதன் ஜெனரேட்டரில் பாடத் தொடங்கியது. இவன் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினான். அவர்களும் ஏற்றினார்கள். காலை நன்றாகத்தான் ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமியது. 'டப்' என்று ஒரு துடிப்பு விட்டுப்போனது. அப்புறம் இன்னொன்று. பாட்டு சாய்ந்து, இழுத்து, ஒப்பாரி மாதிரி ஆகி அடங்கிவிட்டது. பந்தலில் இருந்த எல்லோரும் பின்பக்கம் திரும்பினார்கள்.

கருத்தக்கண்ணன் டின்னைத் திறந்தான். ஒரு பிளக்கை மாட்டி இழுத்தான். ஒன்றுமில்லை. இன்னொன்று மாட்டினான். சோக்கைப் போட்டு இழுத்தான், எடுத்துவிட்டு இழுத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி இழுத்தான். வேலுச்சாமி வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னப்பா, ஏதும் பெருசா கோளாறா?"

"பிளக்குதான் மாமா. இந்தா, இப்ப கிளம்பிரும்."

"லாரி வர்ற நேரமாச்சுப்பா. சத்தம் கேக்கலைன்னா அவுக கீழத்தெருப் பக்கம் போயிருவாகளே."

அப்போதுதான் கருத்தக்கண்ணனுக்கும் அது உறைத்தது. அங்கே போடிக்காரன் செட் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. அவன் இன்னொரு பிளக்கை எடுத்தான்.

சமையல் பந்தலில் பெண்கள் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்திருந்த மாயக்காளும் ஒருத்தி. மணப்பெண்ணின் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். இருபத்தெட்டு வயது இருக்கும், இன்னும் கட்டிக்கொடுக்கவில்லை. அவளும் அவள் அண்ணன் ஒச்சாண்டியும் முல்லையாற்றுப் பக்கம் தோட்டம் வைத்திருந்தார்கள். அங்கே தண்ணீர் இறைக்க இதே மாதிரி ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின் இருந்தது. ஒச்சாண்டி பொறுமை இல்லாதவன். எஞ்சின் புறப்படவில்லை என்றால் அதைக் காலால் உதைத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வான். அவன் உதைத்துவிட்டுப் போன எஞ்சினை வாழைக்குத் தண்ணீர் வேண்டுமே என்று மாயக்காள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்துப் பழகினாள். சில தடவை கழற்றினதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் சாக்கில் கட்டிச் சின்னமனூர் ஒர்க்‌ஷாப்புக்குத் தலைச்சுமையாய் எடுத்துப் போனதும் உண்டு. இப்போது எஞ்சினுக்கு என்ன நோவு என்று அதன் இருமலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவாள்.

அதனால் கயிறு இழுபடுகிற சத்தத்தை அவளால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணே, போதும், இழுக்காதீக. உள்ள பூராம் பெட்ரோல் நெறஞ்சு கெடக்கு. வாசம் இங்கன வரைக்கும் வருது."

கருத்தக்கண்ணன் நிமிர்ந்து பார்த்தான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு எஞ்சின் தெரியுமா?" என்றான்.

"எங்க தோட்டத்து எஞ்சினைத் தெரியும். இதுவும் அதுக்கு அக்கா தங்கச்சி மாதிரித்தான் இருக்கு. பிளக்கைக் கழட்டுங்க, பாப்போம்."

அவன் கழற்றிக் கொடுத்தான். பிளக்கின் முனை நனைந்து, பெட்ரோல் சொட்டியது. மாயக்காள் அதை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைக்கப் போனாள். கல்யாணத்துக்குக் கட்டின புடவை என்பது நினைவு வந்து, கருத்தக்கண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவித் துடைத்தாள்.

"பெட்ரோல் வருது. அதுல கொறையில்ல. நெருப்புத்தான் வரலை. பிளக் இல்லாம ரெண்டு இழுப்பு இழுங்க, உள்ள கெடக்கிறது வெளிய வந்திரட்டும்."

இழுத்தான். பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் புகை மாதிரி சீறிக்கொண்டு வந்தது. அவள் துவாரத்தில் துண்டின் முனையைச் சுருட்டி அடைத்தாள். சிந்தியதையெல்லாம் துடைக்கச் சொன்னாள். பெட்ரோல் டின்னை அடுப்புகளை விட்டுத் தூரமாகத் தூக்கிப்போய் வைக்கச் சொன்னாள். பிளக்கைச் சமையல்காரரிடம் கொடுத்து, சாம்பார் அடுப்பின் தணலில் கொஞ்சம் காட்டித் தரச் சொன்னாள். அவர் இடுக்கியால் அதைப் பிடித்து, அப்பளம் சுடுவதுபோலப் பதமாகத் திருப்பித் திருப்பிக் காட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இப்ப நெருப்பு வருதான்னு பாக்கணும்" என்றாள் மாயக்காள். பிளக்கை வயரின் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு எஞ்சினின் இரும்பில் படும்படி படுக்க வைத்தாள். "இழுத்தா முனையில நீலமா ஒரு பொறி பறக்கணும்."

கருத்தக்கண்ணன் இழுத்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். பொறி பறந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் பலபலவென்று விடிந்துவிட்டது. சாரல் வெளிச்சம் வேறு கண்ணைக் கூசவைத்தது.

"வெளிச்சத்துல தெரியாது. எங்க தோட்டத்துல மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் பாப்பேன். இங்கன என்ன செய்யறது?" மாயக்காள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சமையல் பந்தலின் ஓரத்தில் காவலுக்குப் படுத்திருந்த ஆளின் கறுப்புக் கம்பளி ஒன்று சுருட்டிக் கிடந்தது. மலையடிவாரத்துக்காரர்கள் போர்த்துகிற நல்ல கனமான கம்பளி. "அதை எடுங்க" என்றாள்.

ஒச்சாண்டி பல் குச்சியோடு அங்கே வந்து நின்றிருந்தான். "அண்ணே, நீ கயித்தை இழு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, கம்பளியை எஞ்சினின் மேல் விரித்து, தன் தலையையும் உள்ளே விட்டுக்கொண்டாள். கருத்தக்கண்ணன் வெளியே நின்றான்.

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வயர்க்காரரு பாக்க வேணாமா? வாங்க உள்ள."

அவனும் தலையை விட்டான்.

பந்தலில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டின் கொல்லையில், பட்டப்பகலில், ஒரு கறுப்புக் கம்பளி. அதற்கு வெளியே ஓர் ஆணின் முதுகும் ஒரு பெண்ணின் முதுகும். பக்கத்தில் அந்தப் பெண்ணின் சொந்த அண்ணன் வாயில் வேப்பங்குச்சியோடு கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறான். கத்தரிக்காய் அரிந்தவர்கள் அரிவதை நிறுத்தினார்கள். வேலுச்சாமியின் தங்கை சங்கிலியம்மாள் வெற்றிலைப் பெட்டியோடு எழுந்து வந்து, பார்க்க வசதியான இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

உள்ளே நல்ல இருட்டு. கம்பளியில் ஆட்டு வாடை, பெட்ரோல் வாடை, மாயக்காளின் தலையிலிருந்த மல்லிகை வாடை எல்லாம் சேர்ந்து அடித்தது. கருத்தக்கண்ணன் மூச்சை மெதுவாக விட்டான்.

"இழுண்ணே" என்றாள்.

ஒச்சாண்டி இழுத்தான். பிளக்கின் முனையில் ஒன்றுமில்லை. வேறெங்கோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"இன்னொரு இழுப்பு."

இந்தத் தடவை பார்த்துவிட்டார்கள். பிளக்கில் இல்லை, பிளக்குக்குப் போகிற வயரில். வயர் எஞ்சினின் தகரத்தை உரசிக்கொண்டு வளைகிற இடத்தில், நீலப் பொறி ஒன்று புழுவைப்போல் நெளிந்து தகரத்துக்குத் தாவியது.

"அங்கன" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். தலையோடு தலை முட்டிக்கொண்டது. கம்பளிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வெளியே வந்தது. சங்கிலியம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கம்பளியை உதறி எடுத்ததும் கருத்தக்கண்ணன் முகத்தில் இருந்த தெளிவே வேறு. இதுவரை எஞ்சின் அவனுக்குப் புரியாத பாஷையாக இருந்தது. இப்போது கோளாறு அவனுடைய பாஷைக்குள் வந்துவிட்டது. "வயரு லீக்கு" என்றான். "ரப்பர் வெடிச்சிருக்கு. காஞ்சு கெடந்த வரைக்கும் தெரியலை. சாரல்ல நனஞ்சதும் கரண்டு பிளக்குக்குப் போகாம இங்கனயே எறங்கிருது. மைக் வயருல இப்படித்தான் இரையும்." அவன் கை வேகமாக வேலை செய்தது. வயரைத் துடைத்து உலர்த்தினான். வீட்டுக்காரர் சைக்கிளின் பழைய டியூபில் ஒரு துண்டு வாங்கி வயரின் மேல் உறைபோலச் சுற்றினான். அதற்குமேல் கறுப்பு டேப்பை இறுக்கி ஒட்டினான். தகரத்தில் படாதபடி வயரை ஒரு கயிற்றால் தூக்கிக் கட்டினான். மாயக்காள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சுத்தமாக ஒரு வயரைச் சுற்றுகிற கையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இப்பப் போடுங்க கம்பளியை" என்றான் அவன்.

இரண்டாம் முறை கம்பளிக்குள் போக இருவருக்குமே அவ்வளவு தயக்கம் இருக்கவில்லை. பிளக்கின் முனையில் இப்போது பொறி வந்தது. ஆனால் மஞ்சளாக, சோகை பிடித்ததுபோல் வந்தது.

"இடைவெளி அகலமா இருக்கு. அதான் தாவ முடியாம தடுமாறுது" என்றாள் மாயக்காள். வெளியே வந்து பிளக்கின் வளைந்த கொம்பை ஒரு கல்லில் மெல்லத் தட்டினாள். "தோட்டத்துல இதை அளக்கத் தகடு ஒண்ணு வச்சிருக்கேன். இங்கன அட்டை கிட்டை இருக்கா?"

வேலுச்சாமி சட்டைப்பையிலிருந்து மகளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். அவள் அதை ஒரு மடிப்பு மடித்து, கொம்புக்கும் முனைக்கும் நடுவில் செருகிப் பார்த்தாள். கொஞ்சம் தட்டினாள். மறுபடி செருகினாள். பத்திரிகை லேசாக உரசிக்கொண்டு நுழைந்தது. "இது போதும்."

பிளக்கை மாட்டினார்கள். ஒச்சாண்டி கயிற்றைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினான். ஒரே இழுப்பு. எஞ்சின் 'படபட'வென்று பிடித்துக்கொண்டது. சமையல் பந்தலில் யாரோ குலவை போட்டார்கள். அதைக் கேட்டு, உள்ளே தாலி ஏறிவிட்டதென்று நினைத்துத் திண்ணையிலிருந்த நாலு பேர் ஓடிவந்து, கையில் இருந்த அட்சதையை எஞ்சின் மேல் போட்டார்கள்.

கருத்தக்கண்ணன் அட்சதையைத் துடைக்கவும் நிற்கவில்லை. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

"வருசநாட்டுல இருந்து வந்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளுக்கு அன்பான வேண்டுகோள். வேலுச்சாமி அவுக வீட்டுக் கல்யாணம் மேலத்தெருவுல நடக்குது. மாப்பிள்ளையோட அக்கா எங்கன இருந்தாலும் உடனே மேலத்தெருவுக்கு வரவும். முடிச்சுப் போட ஆள் இல்லாம மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்காரு."

மாப்பிள்ளையின் அக்காள் அந்நேரம் கீழத்தெருப் பந்தலில் இருந்தாள். லாரியோடு வந்த அத்தனை பேரும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போய், சந்தனம் பூசி, கற்கண்டு எடுத்து, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். கீழத்தெருக்காரர்கள் இவர்களை மாப்பிள்ளை வீட்டாரென்று நினைத்து உபசரித்தார்கள். அங்கேயுள்ள மாப்பிள்ளை வீட்டார் இவர்களைப் பெண் வீட்டாரென்று நினைத்துக்கொண்டார்கள். 'நம்ம தம்பியை இன்னும் காணோமே' என்று அக்காள் ஒரு தடவை நினைத்தாளாம். ஆனால் இட்லி சூடாக இருந்ததாம். மைக்கில் தன்னைக் கூப்பிடுவது காதில் விழுந்ததும் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள். அவளோடு ஒரு பந்தியே எழுந்தது. பந்தி பரிமாறியவர் கையில் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

சாரலில் முந்தானையையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் மேலத்தெருவுக்கு ஓடிவந்தார்கள். கீழத்தெருக்காரர்களும் நல்ல மனுஷர்கள். விஷயம் தெரிந்து சிரித்துவிட்டு, குழந்தைகள் பாதியில் விட்டுவந்த ஜிலேபியைப் பொட்டலம் கட்டி ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. அக்காள் முடிச்சுப் போட்டாள். கருத்தக்கண்ணன் அவன் வைத்திருந்ததிலேயே துள்ளலான தட்டைச் சுழலவிட்டான்.

பந்தி முடிந்து அவன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சங்கிலியம்மாள் வந்தாள்.

"ஏப்பா, உங்க ஆத்தா பொறந்தது எந்த ஊரு?"

"கோம்பை."

"கோம்பையில யாரு வீடு?"

சொன்னான். சங்கிலியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, விரலை மடக்கி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். எல்லோருமே அந்தக் கணக்குக்காகத்தான் காத்திருந்தார்கள். அண்ணன் தங்கை முறை என்று வந்துவிட்டால் காலையில் பார்த்ததையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான்.

"மாயக்காளோட தாத்தாவும் கோம்பைதான். அங்கன இருந்து வந்துதான் மார்க்கையன்கோட்டையில தோட்டம் வாங்குனாக. அவுகளும் உங்க ஆத்தாளைப் பெத்தவுகளும் பங்காளிக. அப்ப அவ அப்பன் உனக்குத் தாய்மாமன் மொறை." சங்கிலியம்மாள் கண்ணைத் திறந்தாள். பாத்திரக் குவியலின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏத்தா மாயக்கா. இனிமே இவரை அண்ணேன்னு கூப்பிட்ட, வாயிலயே போடுவேன்."

மாயக்காள் கையிலிருந்த குண்டானைத் தேவைக்கு மேல் தேய்த்தாள்.

அடுத்த வாரம் கருத்தக்கண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்குப் போனான். தோட்டத்தில் ஒச்சாண்டி வாழைக்குக் கன்று கழித்துக்கொண்டிருந்தான். மாயக்காள் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தாள். கருத்தக்கண்ணன் சட்டைப்பையிலிருந்து பேப்பரில் மடித்த ஒரு பிளக்கை எடுத்துக் கொடுத்தான்.

"இது சரியாப் பிடிக்க மாட்டேங்குது. பாத்துச் சொல்லணும்."

அவள் பிரித்துப் பார்த்தாள். முனை சுத்தமாக, செங்கல் நிறத்தில், நன்றாக எரிந்த பிளக்குக்கு உரிய நிறத்தில் இருந்தது. இடைவெளியும் சரி. அவனைப் பார்த்தாள். அவன் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கரி ஏறியிருக்கு" என்றாள். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க. சுத்தம் பண்ணி வைக்கிறேன்."

ரெண்டு நாள் கழித்து வந்தான். வேறொரு பிளக்கோடு வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். அவன் டின்னில் இருந்த பிளக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக மார்க்கையன்கோட்டை போய், பளபளவென்று திரும்பி வந்தன. ஒச்சாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நேராகக் கேட்டான்.

"இங்கருங்க, பொண்ணு கேக்கணும்னா கேளுங்க. எதுக்கு இந்தப் பிளக்கைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீக?"

"கேக்கத்தான் வந்தேன்" என்றான் கருத்தக்கண்ணன். "முத நாளே."

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா இவ போயிட்டா எங்க எஞ்சினை யாரு பாக்கிறது?"

மாயக்காள் மோட்டார் ரூமிலிருந்து சொன்னாள். "நீ பாரு. நான் சொல்லித் தாறேன்."

அந்த ஆடி மாதம் முழுக்க மார்க்கையன்கோட்டைத் தோட்டத்தில் எஞ்சின் பாடம் நடந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒச்சாண்டி பிளக்கைக் கழற்றும்போது உள்ளே மண்ணைத் தள்ளினான். பொறியை விட்டுவிட்டுக் கிளப்புகிற பாயிண்டுக்கு உப்புத்தாள் போடச் சொன்னால் அதைத் தேய்த்தே கரைக்கப் பார்த்தான். நெருப்பு வருகிறதா என்று பார்க்க வயரைக் கையால் பிடித்து, அடி வாங்கி, வரப்புவரைக்கும் போய் விழுந்தான். "ஏலே, பாத்துடா" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சிரித்தார். ஒச்சாண்டி எழுந்து வந்து எஞ்சினை உதைக்கக் காலைத் தூக்கினான். தங்கை பார்த்த பார்வையில் காலைக் கீழே வைத்தான். ஆடிக் கடைசியில் ஒருநாள் நின்றுபோன எஞ்சினைத் தானாகவே பிரித்து, துடைத்து, மாட்டி ஓடவைத்தான். வாய்க்காலில் தண்ணீர் விழுந்தபோது அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தான்.

"ஆவணியில நாள் பாருங்க" என்றான்.

அக்கம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், "மருமக எஞ்சினெல்லாம் பாக்குமாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆவணியில் கல்யாணம் மார்க்கையன்கோட்டையிலேயே நடந்தது. அன்று ரேடியோ செட் வைக்கப் போடிக்காரனைக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தபடியே ஸ்பீக்கர் கட்டியிருந்த கிளையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தான். "பேசாம இருங்க, நல்லாத்தான் கேக்குது" என்று மாயக்காள் தலையைக் குனிந்தபடி சொன்னாள். கல்யாணத்தன்று அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு மாயக்காளும் செட்டோடு போக ஆரம்பித்தாள். முதலில் சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் ஒரு முறையும் நிற்காமல் ஓடுவதைப் பார்த்தபின் அந்தப் பார்வை போய்விட்டது. கல்யாணம் பேச வருகிறவர்கள், "வீட்டுக்காரம்மா வருவாகல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் நாளைச் சொல்வார்கள். கருத்தக்கண்ணனுக்கு அதில் பெருமைதான். எஞ்சின் கவலை விட்டதில் அவன் பாட்டுப் போடுவதில் இன்னும் தேறினான். கல்யாண வீட்டில் யார் அழப்போகிறார்கள், யார் சிரிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே முகம் பார்த்துத் தட்டை எடுத்து வைப்பான்.

தை மாதத்தில் ஒருநாள் காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டெம்போவின் பின்னால், ஜெனரேட்டருக்கு ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் அவள். பனி விலகி இளவெயில் அடித்தது. இரு பக்கமும் திராட்சைப் பந்தல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. முதல் பாட்டு பிள்ளையார் பாட்டுத்தான் என்று அவன் சொன்னான். காதுகுத்துகிற வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும், முதலில் ஒரு துள்ளல் பாட்டைப் போட்டுப் பிள்ளையைச் சிரிக்கவைக்கலாம், பிள்ளையார் ஒன்றும் கோபிக்கமாட்டார் என்று அவள் சொன்னாள். கம்பம் தாண்டுகிறவரைக்கும் இதைப் பேசிக்கொண்டே போனார்கள். கடைசியில் அவன் இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து, அவள் கேட்ட தட்டை எடுத்து மேலே வைத்தான்.

"இப்பத் திருப்தியா?"

"ம்" என்றாள் அவள். டெம்போ மேட்டில் ஏறியது. ஜெனரேட்டர் பின்னால் சரிந்துவிடாமல் இருவரும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டார்கள்.